பழைய கம்ப்யூட்டரில் குழு கணக்கு வைக்கலாமா?



சமீபத்தில் ஒரு குழுக் கூட்டம் முடிந்து நான் கிளம்பும்போது அந்தக் குழுவின் பிரதிநிதி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், ஒரு நிமிஷம். எங்க பெரியவனுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப் வீட்டுல இருக்கு. அவன் வேலைக்குப் போயிட்டான். இப்ப சின்னவதான் அதுல நம்ம குழு சேமிப்பு, உள்கடன் எல்லாம் ஏத்தி வெச்சிருக்கா. சர்வீஸ் கடைக்காரர் பார்த்துட்டு, இது பழைய விண்டோஸ், இனிமே இதுக்குப் பாதுகாப்பே கிடையாதுங்கறார். நல்லாத்தானே மேடம் ஓடுது? புதுசு விக்கிறதுக்காகச் சொல்றாரா?"

நியாயமான சந்தேகம். கடைக்காரருக்குப் புதுசு விற்கும் ஆசை இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. அதற்காக அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டியதும் இல்லை. எந்த வேலையை அதில் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பிரித்துக்கொண்டால் போதும். அந்த அக்காவுக்கு நின்றபடியே சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் உறுப்பினர்களில் பல வீடுகளில் இதே கதைதான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த லேப்டாப் பீரோ மேல் இருக்கும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு அலுவலகத்தில் யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர் துணி போர்த்தி இருக்கும்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் என்பது வெறும் பெட்டி. அதை இயக்குவது உள்ளே இருக்கும் 'ஆபரேட்டிங் சிஸ்டம்'. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்துவது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ். அதிலே பல வயசு உண்டு. எது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி. கீபோர்டின் கீழ் வரிசையில் ஜன்னல் படம் போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே ஆர் எழுத்தைத் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்ற ஆறு எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டினால், எந்த விண்டோஸ் என்று பெயரோடு காட்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி என்று வந்தால், அது 2001-ல் வெளிவந்தது. அதற்கான பாதுகாப்பு சேவையை கம்பெனி 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரி 14 கடைசி. விண்டோஸ் 8.1 என்றால் 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான சேவை முடிந்துவிட்டது. இது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். "அது புதுசு இல்லையா?" என்று கேட்பார்கள். அது வந்தது 2015-ல். பத்து வருஷம் ஓடிவிட்டது.

சேவை நின்றால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் நிற்காது. நேற்று ஓடியது போலவே இன்றும் ஓடும். அதனால்தான் நமக்கு ஆபத்து தெரிவதில்லை.

விண்டோஸ் என்பது பல கோடி வரிகள் உள்ள ஒரு பெரிய எழுத்து வேலை. இருபது பக்கத் தீர்மான நோட்டு எழுதுகிற நமக்கே எத்தனை அடித்தல், திருத்தல் வருகிறது! அத்தனை கோடி வரியில் தப்பு இல்லாமல் இருக்குமா? அந்தத் தப்புகளில் சில, திருடன் நுழைகிற ஓட்டையாக இருக்கும். கம்பெனிக்காரர்கள் ஓட்டையைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் அதற்கு ஒரு ஒட்டு தைத்து அனுப்புவார்கள். மாதம் ஒருமுறை, இரண்டாவது செவ்வாய்க்கிழமை, இந்த ஒட்டுகள் மொத்தமாக வரும். 'அப்டேட்' என்று வருவதில் முக்கியமானது இதுதான். கம்ப்யூட்டரை அணைக்கும்போது "அணைக்காதீர்கள், அப்டேட் நடக்கிறது" என்று வந்து நம் பொறுமையைச் சோதிக்குமே, அதேதான். சேவை முடிந்தது என்றால் இந்த ஒட்டு இனி வராது என்று பொருள்.

இதில் இன்னொரு வினை இருக்கிறது. ஒரே மேஸ்திரி ஒரே மாதிரி நூறு வீடு கட்டுகிறார் என்று வையுங்கள். புது வீட்டுக்காரர்களிடம் மட்டும், "பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை, வெளியிலிருந்தே நெம்பித் திறந்துவிடலாம், மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மாற்றிக் கொடுக்கிறார். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்கிறார். பழைய வீடுகளிலும் அதே தாழ்ப்பாள்தான் என்று திருடனுக்குத் தெரியாதா? புது விண்டோஸுக்கு வரும் ஒவ்வொரு ஒட்டும், பழைய விண்டோஸில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கலாம் என்று திருடனுக்கு வழி காட்டிவிடுகிறது. எனவே காலம் போகப்போக பழையதன் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

"எங்க கம்ப்யூட்டர்ல என்ன கோடி ரூபாயா இருக்கு, எங்களை யார் தேடி வருவாங்க?" என்று கேட்கலாம். யாரும் நம் பெயரைத் தேடி வருவதில்லை. இந்தத் திருட்டு மென்பொருள்கள் நெட்டில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தானாகவே தட்டிப் பார்க்கும். திறந்துகொண்டதில் நுழையும்.

2017 மே 12-ஆம் தேதி அப்படித்தான் நடந்தது. 'வான்னாகிரை' என்ற ஒன்று உலகத்தில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்தது. புகுந்த இடத்தில் இருந்த கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டு, "300 டாலர் கட்டினால் சாவி தருகிறேன்" என்று திரையில் எழுதிக் காட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் நாள் குறித்திருந்த சுமார் 19 ஆயிரம் பேருக்கு அது ரத்தானது. நம் பக்கத்திலும் வந்தது. ஆந்திராவில் சில காவல் நிலையக் கம்ப்யூட்டர்கள் மாட்டின. கேரளாவில் வயநாடு மாவட்டத்தில் ஒரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகமும் மாட்டியது. யோசித்துப் பாருங்கள், நம் ஊர் மாதிரி ஒரு பஞ்சாயத்து ஆபீஸ்!

அந்த ஓட்டைக்கான ஒட்டை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே அனுப்பிவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போது அதற்குச் சேவை உயிரோடுதான் இருந்தது. ஒட்டு வந்தும் போட்டுக்கொள்ளாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். எக்ஸ்பி-க்கோ அந்த ஒட்டே கிடையாது. விஷயம் கைமீறிய பிறகுதான் அவசரமாக ஒன்று செய்து கொடுத்தார்கள். ஆகவே சேவை நடக்கிற கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் "அப்டேட் வந்தா ஸ்லோ ஆயிடுது" என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

வங்கிகளும் இதில் தப்பவில்லை. ஏடிஎம் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். சேவை நின்றுபோன எக்ஸ்பி-யிலேயே நாட்டில் நிறைய ஏடிஎம்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரிசர்வ் வங்கி 2018 ஜூன் மாதம் எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்து, 2019 ஜூன் மாதத்துக்குள் முழுவதும் மாற்றச் சொன்னது. அவ்வளவு காவல் உள்ள பெட்டிக்கே அப்படி என்றால் நம் வீட்டு லேப்டாப் எந்த மூலைக்கு?

பென் டிரைவ் செய்த வேலை

இனி நான் சொல்லப்போவது நானே செய்த தப்பு. கூட்டங்களில் சொல்லிச் சிரிப்பதுண்டு, ஆனால் அன்றைக்கு அழுதேன்.

நான் இந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கூட்டமைப்பு அலுவலகத்தில் எக்ஸ்பி கம்ப்யூட்டர். நெட் இணைப்பே கிடையாது. நெட் இல்லை என்பதால் வைரஸ் பயமும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். தணிக்கைக்கு அறிக்கை பிரிண்ட் எடுக்க பென் டிரைவை டவுனில் ஒரு பிரௌசிங் சென்டரில் செருகினேன். திரும்பி வந்து கூட்டமைப்புக் கம்ப்யூட்டரில் செருகினேன். பிறகு அதே பென் டிரைவோடு அந்த வாரமே இன்னும் மூன்று ஊராட்சிகளுக்குப் போனேன்.

நான்கு நாள் கழித்து ஒவ்வொரு ஊராக போன் வந்தது. "மேடம், ஃபோல்டர் மேலெல்லாம் சின்ன அம்புக்குறி வந்திருக்கு. தொட்டா திறக்க மாட்டேங்குது." எங்கே பார்த்தாலும் கணக்கு ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில் ஒரு போலி. ஊர் ஊராக நோயைச் சுமந்துபோய் இறக்கியது நான்தான்.

பிறகு விவரம் தெரிந்த ஒரு தம்பி வந்து பார்த்தார். அந்த வைரஸ் கோப்புகளை அழிக்கவில்லை, மறைத்து மட்டும் வைத்திருந்தது. நாம் ஃபோல்டர் என்று நினைத்துத் தொடுகிற ஒவ்வொரு தடவையும் வைரஸ்தான் ஓடும். அவர் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செட்டிங் மாற்றியதும் எல்லாம் அப்படியே இருந்தது. மூன்று இடத்தில் கணக்கு தப்பித்தது. நான்காவது இடத்தில் நான் போய்ச் சேர்வதற்குள் பயந்துபோய் ஒரு கடையில் கொடுத்து, அவர் ஃபார்மேட் அடித்துவிட்டார். இரண்டு வருஷக் கணக்கு போனது போனதுதான்.

அங்கே ஊக்குநராக இருந்த ஒரு அம்மா, பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், என் முதுகைத் தட்டி, "எதுக்குக் கண்ணு அழுவுற, நோட்டு இருக்குல்ல" என்றார். ஒவ்வொரு குழுவின் சேமிப்பு நோட்டும், கடன் நோட்டும், தீர்மான நோட்டும் டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. பதினொரு நாள் மாற்றி மாற்றி உட்கார்ந்து அத்தனையும் திரும்ப ஏற்றினோம். அன்றிலிருந்து "கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனி நோட்டு எதுக்கு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நோட்டை நிறுத்தாதீர்கள்.

எனவே பென் டிரைவ் விஷயத்தில் கறாராக இருங்கள். கூட்டமைப்பு கம்ப்யூட்டருக்கென்று ஒரு பென் டிரைவ், அது வெளியே போகக்கூடாது. பிரிண்ட் கடைக்குப் போவதற்கு வேறு ஒன்று, அதில் அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டிய கோப்பு மட்டும் இருக்கட்டும். திரும்பி வந்ததும் அதை நேரே பழைய கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். புது கம்ப்யூட்டர் யாரிடமாவது இருந்தால் அதில் ஸ்கேன் செய்து, ஃபார்மேட் செய்துவிட்டு எடுத்து வையுங்கள். செருகியதும் தானாகத் திறக்கிற 'ஆட்டோபிளே' வசதியை கண்ட்ரோல் பேனலில் அணைத்துவிடச் சொல்லுங்கள். எக்ஸ்பி என்றால் ஷிப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகினால் தானாகத் திறப்பதைத் தடுக்கலாம். ஃபோல்டர் படம் போட்டிருந்தும், பெயரின் வால் பகுதியில் இ, எக்ஸ், இ என்ற மூன்று எழுத்து இருந்தால் அது ஃபோல்டரே இல்லை. வால் பகுதி நம் கண்ணுக்குத் தெரியாதபடி விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் போய் அதைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். மூன்று நிமிட வேலை, உங்கள் பிள்ளைகளுக்கே தெரியும்.

பணம் வேண்டாம், ஆதார் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சேவை நின்ற கம்ப்யூட்டரில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் திறக்காதீர்கள். நெட் பேங்கிங் வேண்டாம், கரண்ட் பில் கட்டுவது வேண்டாம், ஏடிஎம் கார்டு நம்பர் அடிப்பது வேண்டாம். ஈமெயில் கூட வேண்டாம் என்பேன். ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் பெரும்பாலும் ஈமெயிலுக்குத்தான் வரும். ஈமெயில் போனால் மற்றதும் போகும்.

நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிற மாதிரியான திருட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. அவை ஓடுவது திரையில் தெரியாது. கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். பழையது என்றால் எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும், நமக்குச் சந்தேகமே வராது.

அடுத்தது ஆதார். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இதில்தான் கவலை அதிகம். வங்கி இணைப்புக்காக, இன்சூரன்சுக்காக, ஒவ்வொரு உறுப்பினரின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறோம். பதினைந்து குழு இருந்தால் இருநூறு பெண்களுக்கு மேல். அத்தனை பேர் நம்மை நம்பிக் கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு எக்ஸ்பி, அதிலே நெட், அதிலே பாஸ்வேர்டும் கிடையாது, வருகிறவர் போகிறவர் எல்லாம் சினிமாப் பாட்டு ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றால்? வேலை முடிந்த நகல்களை அழித்துவிடுங்கள். கட்டாயம் வைக்க வேண்டியதை ஒரு தனி பென் டிரைவில் மாற்றி, செயலாளர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். முழு நம்பர் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

"அப்போ பேங்க் வேலையை எதுல செய்யறது?" நல்ல நிலையில் உள்ள போனில் செய்யுங்கள். ஆனால் போனுக்கும் இதே வயசுக் கணக்கு உண்டு. செட்டிங்ஸில் 'அபவுட் போன்' அல்லது 'செக்யூரிட்டி' பகுதியில் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி போட்டிருக்கும். அது இரண்டு, மூன்று வருஷத்துக்கு முந்திய தேதி என்றால் அந்தப் போனிலும் பெரிய தொகை கையாளாதீர்கள். குழுப் பணத்துக்கு வங்கிக்கு நேரில் போய் வருவது ஒன்றும் அவமானம் இல்லை.

அந்தப் பழையதை வைத்து என்ன செய்யலாம்?

கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பிள்ளைகள் டைப்பிங் பழக எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் நெட்டிலிருந்து கழற்றி வையுங்கள். வைஃபை அணைத்து, கேபிள் இருந்தால் பிடுங்கி வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். பல கூட்டமைப்புகளில் எக்ஸ்பி-யை மாற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பழைய பிரிண்டரும், பாமினி, வானவில் மாதிரித் தமிழ் எழுத்துகளும்தான். அந்த வேலைக்கு நெட் எதற்கு?

நெட் வேண்டியே தீரும் என்றால் சில காரியங்கள். விண்டோஸ் ஃபயர்வால் ஓடுகிறதா என்று கண்ட்ரோல் பேனலில் பாருங்கள், அணைந்திருந்தால் போடுங்கள். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் தொடவே வேண்டாம். குரோம் 2016-லேயே எக்ஸ்பி-யைக் கைவிட்டது, 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7-ஐயும் 8.1-ஐயும் கைவிட்டது. எனவே அவற்றில் ஓடுகிற குரோமும் பழசுதான். ஆன்டி வைரஸ் இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. உள்ளே வந்த திருடனை அடையாளம் பார்த்துப் பிடிப்பது அதன் வேலை. உடைந்த தாழ்ப்பாளை அது மாற்றித் தராது. விண்டோஸ் 10-ல் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அதுவும் இந்த வகைதான்.

இன்னொன்று, பைசா செலவில்லாதது. தினசரி வேலைக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கில் நுழையாதீர்கள். எக்ஸ்பி-யில் ஆரம்பத்திலேயே எல்லோரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கிவிடுவார்கள். வீட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் பீரோச் சாவி கொடுத்த கதை. யூசர் அக்கவுண்ட்ஸ் பகுதியில் போய், அதிகாரம் குறைந்த இன்னொரு கணக்கு உண்டாக்கி அதில் வேலை செய்யுங்கள். எக்ஸ்பி-யில் அதற்கு 'லிமிடெட்' என்று பெயர், மற்றவற்றில் 'ஸ்டாண்டர்ட்'. தெரியாமல் ஒரு வைரஸைத் திறந்துவிட்டாலும் அது கம்ப்யூட்டர் முழுக்கக் கைவைக்க முடியாது.

திடீரென்று திரை சிவப்பாகி, சத்தம் போட்டு, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்" என்று வந்தால் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாப்ட் அப்படி நம்பர் போட்டு வரச் சொல்லாது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் ஏதோ ஒரு ஆப் ஏற்றச் சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே கையில் எடுத்துக்கொள்வார்.

நகல் எடுப்பது பற்றி. மாதக் கூட்டம் முடிந்த அன்றே கணக்குக் கோப்பை அந்தத் தனி பென் டிரைவில் நகல் எடுத்து, உடனே கழற்றி வேறு வீட்டில் வையுங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டும் வைரஸ் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாற்றுவது என்று முடிவு செய்தால்

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: சுமார் 2018-க்குப் பிறகு வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாற வாய்ப்பு உண்டு. மாற முடியுமா என்று செட்டிங்ஸில் அப்டேட் பகுதியிலேயே காட்டும். முடியாது என்று வந்தால் வீட்டு உபயோகக்காரர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் செட்டிங்ஸை இணைத்துவைத்தால் காசில்லை, இல்லாவிட்டால் 30 டாலர். ஆனால் தானாக வராது, நாம்தான் பதிவு செய்ய வேண்டும்.

விண்டோஸ் 7-க்கும் அதற்கு முந்தியதற்கும் நான் சொல்வது லினக்ஸ். இதுவும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான், காசு கிடையாது, ஒட்டுகள் ஒழுங்காக வரும். கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருஷமாக இதில்தான் படிக்கிறார்கள். நம் நாட்டிலேயே சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றைத் தயாரித்திருக்கிறது, அதில் தமிழும் உண்டு. லினக்ஸ் மின்ட் என்பதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வகை 2 ஜிபி மெமரியிலேயே ஓடும், 4 இருந்தால் சுகம். கூடவே லிப்ரே ஆபீஸ் வரும், எக்செல் கணக்கு அதில் திறக்கும். ஒரு குறை, டேலி அதில் நேரடியாக ஓடாது. டேலியில் கணக்கு வைக்கும் கூட்டமைப்புகள் இதை யோசித்துச் செய்யுங்கள். மாற்றுவதற்கு முன் நகல் எடுத்தாச்சா என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்யுங்கள். மாற்றும்போது பழையது முழுக்க அழிந்துபோகலாம்.

கடையில் கொடுத்து விண்டோஸ் போட்டுக்கொள்கிறவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஒரிஜினலா? பில் தருவீங்களா?" முன்னூறு, நானூறு ரூபாய்க்குப் போட்டுத் தருவது பெரும்பாலும் திருட்டுப் பிரதிதான். மாட்டிக்கொள்ளக்கூடாது என்று அப்டேட்டையே நிறுத்திவிட்டுத் தருவார்கள். எனக்கும் ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துத்தான் ஒரு ஒட்டு கூட வரவில்லை என்று பார்த்தேன். புது விண்டோஸ், ஆனால் பழையதைப் போலத்தான்.

மாட்டிக்கொண்டால்

வைரஸ் வந்தது தெரிந்தால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள். பயந்துபோய் ஃபார்மேட் அடிக்கக் கொடுக்காதீர்கள், என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு நல்ல போனிலிருந்து மாற்றுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திராவில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கைக்குப் போவதற்கு முன் நிறுத்தி வைக்க வழி உண்டு. "வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுட்டுச் சொல்லலாம்" என்று சாயங்காலம் வரை காத்திருக்காதீர்கள். குழுப் பணம் என்றால் அன்றே கூட்டம் போட்டு, நடந்ததைத் தீர்மான நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். மறைத்தால் பிறகு பிரதிநிதி மேல்தான் சந்தேகம் வரும்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு ஊராட்சிக் கணக்காளரும் அந்த ஆறு எழுத்தை அடித்துப் பார்த்து, என்ன விண்டோஸ் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டு லேப்டாப்பில் குழு கணக்கு வைத்திருப்பவர்களும் எழுதி வரலாம். லினக்ஸ் போட விருப்பம் உள்ளவர்கள் லேப்டாப்பையும் சார்ஜரையும் கொண்டு வந்தால் அன்று மத்தியானம் உட்கார்ந்து பார்ப்போம். நகல் எடுத்த பென் டிரைவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

— கள ஒருங்கிணைப்பாளர்